ஹெரால்டு திறந்த காருக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர்: எதைப் போடுவது?

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 1

வணக்கம். என்னிடம் 1966-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு, 948 சி.சி. எஞ்சின், சென்னையில் செய்த வண்டி. ஹெரால்டின் கூரை உடலோடு வெல்டு செய்யப்படாமல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது என்பதால், எண்பதுகளில் என் அப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டு மடக்கும் துணி ஹூட் போட்டுக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறது. ஆகவே அந்தப் பேச்சுக்குள் யாரும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரச்சினை பின்பக்கத்தில். வண்டி வால் தாழ்ந்து நிற்கிறதே என்று சென்ற ஆண்டு சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி வளைவேற்றி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பழைய ஷாக்குகளுக்குப் பதிலாக ஒரு சிறு வேனின் பின் ஷாக்குகளை, அவற்றின் புஷ் (நுனிக் கண்ணில் உள்ள ரப்பர் வளையம்) மாற்றிப் பூட்டித் தந்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது, எனக்கும் மனம் நிறைந்தது. போன மாதம் மேட்டுப்பாளையம் இறங்கும்போது, காட்டேரிக்கும் பர்லியாறுக்கும் இடையே ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே வந்த லாரிக்காக ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன். யாரோ கீழே இருந்து தூக்கியதுபோல் பின்பக்கம் எழும்பியது. வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கியது. வால் ஒரு முழம் வழுக்கிப் பின் தானாக நின்றது. வேகம் முப்பதுகூட இருந்திருக்காது. திரும்பி ஏறி வந்தபோது அதே வளைவில் வண்டி பசுவைப்போலச் சாதுவாக வந்தது.

ஷாக்தான் போதவில்லை என்று நினைக்கிறேன். இப்போது மூன்று வழிகள் தோன்றுகின்றன. வீட்டு மச்சில் கிடக்கும் பழைய ஷாக்குகளைக் கோவையில் கொடுத்துப் புதுப்பிக்கலாம். இங்கிலாந்தில் இருந்து கடினத்தன்மையை மாற்றத்தக்க ஷாக்குகளை வரவழைக்கலாம். அல்லது நல்ல கேஸ் ஷாக் ஏதாவது பொருத்தலாம். இரண்டு ஷாக்குக்கும் சேர்த்து முப்பதாயிரம் வரை செலவழிக்கத் தயார். எது சரி?

உதகை_திறந்தவெளி | பதிவு 2

மூன்றாவது வழிக்கே என் வாக்கு. சாதாரண எண்ணெய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், குண்டும் குழியுமான சாலையில் தொடர்ந்து அடி வாங்கும்போது எண்ணெய் நுரைத்து, ஷாக் தன் பிடியை இழந்துவிடுகிறது. ஒற்றைக் குழாய் கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் தனி அறையில் உயர் அழுத்தத்தில் இருக்கும்; எண்ணெய்க்கும் அதற்கும் இடையே மிதக்கும் பிஸ்டன் ஒன்று இருக்கும்; நுரைக்க வழியே இல்லை. அதிலும் நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் எண்ணெய் இன்னும் எளிதாக நுரைக்கும். பில்ஸ்டைன் பாணி ஒற்றைக் குழாய் ஷாக்கை நான் என் வேறொரு வண்டியில் போட்டிருக்கிறேன். கல்லட்டி இறக்கத்தில் அந்த வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும்.

மேட்டுப்பாளையத்தார் | பதிவு 3

முதலில் பின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒன்றரை ஆட்டத்துக்குமேல் ஆடினால் ஷாக் போய்விட்டது என்று பொருள்.

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 4

அமுக்கிப் பார்த்தேன். ஆடவே இல்லை; அமுங்கிய இடத்தில் இருந்து மெல்ல எழுந்து நின்றுவிட்டது. அப்படியானால் ஷாக் நன்றாக இருக்கிறது என்றல்லவா ஆகிறது? குழப்பம் கூடிவிட்டது.

கோத்தகிரி_பழையகை | பதிவு 5

தம்பி, அமுக்கிப் பார்க்கும் சோதனை சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு ஓரளவு பொருந்தும். உங்கள் வண்டியில் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஒரு தடை; மழையிலும் பனியிலும் துருவேறிக் காய்ந்து கிடக்கும் பட்டைகள், ஷாக்கே இல்லாவிட்டாலும் வண்டியை ஆட விடாது. கையின் பலத்துக்கு அந்த உராய்வு பெரிதாகத் தெரியும். குழியில் விழும் சக்கரத்துக்கு அது பொருட்டே அல்ல. ஆகவே அந்தச் சோதனையை வைத்து ஷாக் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணெயா கேஸா, எந்தக் கம்பெனி, எவ்வளவு கடினம் என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை அவை எல்லாம் இரண்டாவது கேள்விகள். முதல் கேள்வி, ஷாக் முழுதாக நீண்டால் எவ்வளவு நீளம் என்பதே. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஹெரால்டைத் தொட்ட மெக்கானிக்குகளில் பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கால வண்டிகள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு சக்கரத்தில் இருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்பு ஆக்சில் இருக்கும். ஹெரால்டில், எஞ்சினின் சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் இரண்டு அரை ஆக்சில்கள், உட்புறத்தில் ஆளுக்கொரு ஜாயின்ட்டோடு, பறவையின் சிறகுபோல் மேலும் கீழும் ஆடுகின்றன. சக்கரம் அந்தச் சிறகின் நுனியில் செங்குத்தாகப் பொருத்தப்பட்டது. சிறகு மேலே போனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். சிறகு கீழே இறங்கினால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து, அடி உள்ளே ஒடுங்கும். பின்னால் நின்று பார்த்தால் வில்லுக்கால்காரன் நிற்பதுபோல் இருக்கும். அந்த நிலையில் வளைவில் திரும்பினால், டயர் தரையில் ஊன்றும் விசையே உடலை இன்னும் மேலே தூக்கும். தூக்கத் தூக்கச் சக்கரம் இன்னும் மடங்கும். உங்களுக்குக் காட்டேரிக்குக் கீழே நடந்தது இதுதான். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இதே குணம் உண்டு.

ஏறும்போது பசு, இறங்கும்போது குதிரை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, வால் அமுங்குகிறது, சிறகுகள் மேலே போய், சக்கரத் தலைகள் உள்ளே சாய்ந்து நல்ல பிடி கிடைக்கிறது. இறக்கத்தில் எடை முன்னால் போகிறது. வால் இலேசாகி எழும்புகிறது. அதன்மேல் நீங்கள் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டீர்கள். எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்து இழுக்க, வால் இன்னும் எழும்பியது.

எழும்பும் வாலை எது நிறுத்தும்? இந்த வண்டியில் சிறகு கீழே இறங்குவதற்கு எல்லைக்கல் நாட்டுவது ஷாக்தான்; வேறு வார் கிடையாது. முளையில் கட்டிய மாட்டுக்குக் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் மேய்ச்சல். உங்கள் பட்டறைக்காரர் பூட்டிய வேன் ஷாக், ஒரே இரும்பு ஆக்சில் உள்ள வண்டிக்குச் செய்தது. அங்கே கயிறு ஒரு சாண் நீண்டாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். உங்கள் வண்டியில் இரண்டு விரற்கடை நீண்டாலே சக்கரம் மடங்கும்.

போதாததற்குப் பட்டையையும் வளைவேற்றியிருக்கிறார்கள். தாழ்ந்திருந்த வால் உண்மையில் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கூரை போனதில் வண்டியின் எடையும் குறைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எடை குறைந்த வண்டிக்குப் பழைய அளவுக்கு வளைவேற்றினால் அது பழைய உயரத்தையும் தாண்டி நிற்கும்.

ஷாக் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு ஒன்றை வாங்குங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு அடி முன்னும் பின்னும் உருட்டி, பட்டை தன் இடத்தில் அமர்ந்தபின், பின் சக்கரத்தின் முன்னே நூலைத் தொங்கவிட்டு, நூலில் இருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். 13 அங்குல ரிம்மில் ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வு. வெறும் வண்டியில் ஒருமுறை, முன்னால் இருவர் அமர்ந்து ஒருமுறை அளக்கவும்.

அருவங்காடு_வரைபலகை | பதிவு 6

பெரியவர் சொன்னது சரி. வண்டியைச் செய்தவர்களும் இந்தக் குறையை அறிந்தே இருந்தார்கள். ஹெரால்டை வடிவமைத்த டிரையம்ஃப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் காரின் நான்காம் மார்க்கில் (நான்காம் பதிப்பில்), 1970-இல், பட்டைக் கட்டில் ஒன்றைத் தவிர மற்றவற்றை இறுகப் பிடிக்காமல் ஊசலாட விட்டார்கள். அதனால் வளைவில் உடல் எழும்பும் குணம் வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கேசலில் சிறகையே எடுத்துவிட்டு ஒரே ஆக்சில் போட்டுவிட்டார்கள். என்னிடம் கேசல்தான் இருக்கிறது. ஓட்டுவதற்கு மாட்டு வண்டிதான், ஆனால் மடங்காது.

உதகை_திறந்தவெளி | பதிவு 7

நீளம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆனாலும் சரியான நீளத்தில் கேஸ் ஷாக் கிடைத்தால் அதைப் போடுவதில் என்ன குறை? அதன் பிடி எண்ணெய் ஷாக்குக்கு வருமா?

கோத்தகிரி_பழையகை | பதிவு 8

கேஸ் ஷாக்கைக் கையில் எடுத்து அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். தானாக நீண்டுகொண்டு வரும். உள்ளே உள்ள அழுத்தம் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்டு 12 மி.மீ. தடிமன் என்றும், உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் என்றும் வைத்துக்கொள்வோம். தண்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.13 சதுர சென்டிமீட்டர். ஒரு ஷாக் 28 கிலோ விசையோடு தள்ளும்; இரண்டும் சேர்ந்து 56 கிலோ. ஷாக் சாய்வாக நிற்பதால் முழுவதும் மேல்நோக்கிப் போகாது என்றாலும், பின் சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பையனை இறக்கிவிட்டதற்குச் சமம். வால் எழும்பக் கூடாது என்று நாம் பாடுபடும் வண்டியில், எழுப்புவதற்கென்றே ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்துவானேன்? உங்கள் மற்ற வண்டியில் அது பொன்னான சரக்கு; நான் மறுக்கவில்லை.

உயரம் பற்றிச் சொன்னீர்கள். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஷாக் சீல் வைத்து மூடிய பொருள். வெளியே உள்ள காற்று அதன் உள்ளே போய் வருவதில்லை. நம் மலையில் ஷாக்கைக் கெடுப்பவை ஈரமும் குளிருமே. மூடுபனியில் நனைந்து நிற்கும் வண்டியின் ஷாக் தண்டில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அந்தப் புள்ளிகள் அரம்போல் சீலை அறுக்கும். பிறகு எண்ணெய் கசியும்.

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 9

ஐயா, தூக்குக் குண்டு வைத்து அளந்தேன். வெறும் வண்டியில் இடப்பின் சக்கரத்தின் தலை, அடியைவிட 13 மி.மீ. வெளியே நிற்கிறது, வலப்பின் சக்கரத்தில் 11 மி.மீ. முன்னால் இருவர் அமர்ந்தபின்னும் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6. அதாவது ஆள் ஏறியபின்னும் ஒரு பாகை வெளிச்சாய்வு.

அளப்பதற்குக் குனிந்தபோதுதான் ஷாக்கைச் சரியாகப் பார்த்தேன். இடப்பக்க ஷாக்கின் கழுத்தில் எண்ணெய் கசிந்து, சாலைத் தூசி அதில் ஒட்டி, வெல்லப் பாகில் மாவு உதிர்ந்ததுபோல் திரண்டிருக்கிறது. கீழ்க்கண் புஷ்ஷின் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் இரும்பை இரும்பு தொடுகிறது. குழியில் விழும்போதெல்லாம் கேட்ட 'டொக்' எங்கிருந்து வருகிறது என்று ஓராண்டாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டெப்னி ஆடுகிறது என்று நினைத்து அதற்கு இரண்டு முறை சாக்கு வைத்துக் கட்டினேன்.

மச்சில் இருந்து பழைய ஷாக்குகளையும் இறக்கிவிட்டேன். ஒன்று கையால் இழுத்தால் சைக்கிள் பம்புபோல் வருகிறது, மற்றது பாதியில் சிக்குகிறது. இவற்றைப் புதுப்பிக்க முடியுமா?

கோவை_கடைசல் | பதிவு 10

நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஷாக் புதுப்பிக்கும் வேலையும் செய்கிறேன். எனக்கு வரவேண்டிய வேலையை நானே தட்டிவிடுவதாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் பழைய ஷாக்குகள் வாயை உருட்டி மூடியவை. திருகித் திறக்கும் மறை கிடையாது. அவற்றைப் புதுப்பிப்பது என்றால் தலையை அறுத்து, மறை வெட்டிய வளையம் ஒன்றை வெல்டு செய்து, புது சீல் வைத்து, எண்ணெய் ஊற்றி மூடுவதே வழி. தண்டில் குரோம் போயிருந்தால் உரசிப் புதுப்பூச்சு போட வேண்டும். இவ்வளவும் செய்துவிடலாம். ஆனால் அடிவால்வின் சிறு ஸ்பிரிங்கும் தகடுகளும் ஐம்பது ஆண்டுகளில் தளர்ந்திருக்கும். அவற்றுக்கு மாற்று என் கையில் இல்லை. இடப்பக்க ஷாக்கும் வலப்பக்க ஷாக்கும் ஒரே பிடியில் வேலை செய்யும் என்று கையால் இழுத்துப் பார்த்து மட்டுமே என்னால் உறுதி சொல்ல முடியும். பின்பக்கம் மடங்கும் குணமுள்ள வண்டிக்கு அந்த உறுதி போதாது.

இன்னொன்று. பெரியவர் சொல்வதுபோல் நீட்சியின் எல்லையில் சக்கரத்தின் பாரம் முழுவதும் ஷாக்கின் தண்டிலும் தலையிலும் தொங்குகிறது என்றால், அறுத்து வெல்டு செய்த தலை அதைத் தாங்க வேண்டும். வெல்டு விட்டுப்போனால் கயிறே அறுந்த கதைதான்.

ஆனால் அந்தப் பழைய ஷாக்குகளை எறிந்துவிட வேண்டாம். அவைதான் உங்களிடம் உள்ள அசல் அளவுகோல். முழுதாக இழுத்து, கண் மையத்தில் இருந்து கண் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். முழுதாக அமுக்கியும் அளந்துகொள்ளுங்கள். சிக்கிக்கொண்ட ஷாக்கை இங்கே கொண்டு வந்தால் இழுத்துத் தருகிறேன்.

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 11

சைக்கிள் பம்புபோல் வருகிற ஷாக்கை வைத்தே அளந்துவிட்டேன். வண்டியில் இப்போது உள்ள வேன் ஷாக்கில் ஒன்றைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். முழுதாக நீண்ட நிலையில் வேன் ஷாக் 42 மி.மீ. அதிகம். மூடிய நிலையில் 25 மி.மீ. அதிகம். முழு நீளத்தை இங்கே எழுதவில்லை. யாராவது அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தன் வண்டியில் அளக்காமலே வாங்கிவிடுவார்கள் என்று பயம்.

கழற்றும்போது ஒரு பாடுபட்டேன். கீழ் நட்டை எடுத்ததும் பட்டை 'தடக்' என்று சக்கரத்தைக் கீழே தள்ளிவிட்டது. பிரேக் ஹோஸ் நாண்போல் விறைத்து நின்றதைப் பார்த்து மூச்சே நின்றுவிட்டது.

கோத்தகிரி_பழையகை | பதிவு 12

நல்ல வேளை, கை கீழே இல்லை. இழையைப் படிக்கும் மற்றவர்களும் கவனிக்க வேண்டும்: சேசிஸைக் குதிரைக்கால்களில் (வண்டியைத் தாங்கும் இரும்பு முட்டுகளில்) நிறுத்தியபின், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கட்டையின் அடியில் தனி ஜாக்கி கொடுத்துச் சற்றுத் தூக்கி, ஷாக்கின் மேல் உள்ள இழுவை போனபின்புதான் நட்டைத் தொட வேண்டும். அந்த ஹோஸை மாற்றிவிடுங்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். இறக்கத்தில் அதை நம்பி இருக்கிறீர்கள்.

42 மி.மீ. என்பது நான் நினைத்ததைவிட மோசம். மூடிய நீளம் 25 மி.மீ. கூடியிருப்பதும் சிறு விஷயம் அல்ல. நான்கு பேர் ஏறிப் பெரிய குழியில் விழுந்தால், ரப்பர்த் தடை தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளும். அந்த அடி சேசிஸில் உள்ள மேல் தாங்கியைத்தான் போய்ச் சேரும். தாங்கியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கை வைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் தேர்வுக்கு இப்போது வரலாம். நீளமும் மூடிய அளவும் அசலோடு ஒத்துப்போகும் ஷாக்குகளில், நீளும்போது நன்றாகத் தடுத்து, அமுங்கும்போது மென்மையாக விட்டுக்கொடுக்கும் ஷாக் உங்களுக்கு வேண்டும். நீளும்போது உள்ள தடைதான், இறக்கத்தில் நீங்கள் காலை எடுக்கும் அந்த ஒரு நொடியில் வாலைச் சட்டென்று எழும்ப விடாமல் பிடித்து வைக்கும். கயிற்றின் நீளம் எல்லையைச் சொல்கிறது. இந்தத் தடை அந்த எல்லைக்கு எவ்வளவு விரைவாகப் போகலாம் என்பதைச் சொல்கிறது. அதற்காக ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. இறுக்கினால் குழியின் பள்ளத்துக்குள் சக்கரம் உரிய நேரத்தில் இறங்காது. அடுத்தடுத்த குழிகளில் வால் படிப்படியாகக் கீழே அமிழ்ந்துகொண்டே போகும்.

மாற்றத்தக்க ஷாக்குகளிலும் இரண்டு விதம் உண்டு. கோனி கம்பெனியின் பழைய பாணிச் சிவப்பு ஷாக்குகளில் நீளும் தடையை மட்டும் மாற்றலாம்; ஆனால் வண்டியில் இருந்து கழற்றி, முழுதாக அமுக்கித் திருகித்தான் மாற்ற முடியும். காஸ் (Gaz) என்ற கம்பெனியின் ஷாக் போன்றவற்றில் வெளியே ஒரு குமிழ் இருக்கும். பூட்டிய நிலையிலேயே திருகலாம். ஆனால் நீளும் தடையும் அமுங்கும் தடையும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். நானாக இருந்தால் முதல் விதத்தை எடுப்பேன். ஒருமுறை சரியாக வைத்தபின் திருகிக்கொண்டிருக்க இது வானொலிப் பெட்டி அல்ல.

வாங்கும்போது 'ஹெரால்டு' என்றே கேளுங்கள். அதே குடும்பத்து வண்டிதானே என்று டிரையம்ஃப் விட்டெஸ் காருக்கு உரிய ஷாக்கை எடுத்துவிட வேண்டாம். 1968-இல் வந்த விட்டெஸ் இரண்டாம் மார்க்கில் பின் ஷாக்கே வேறு வகை; நெம்புகோல் வைத்தது.

மேட்டுப்பாளையத்தார் | பதிவு 13

எல்லாம் சரி. பட்டையை என்ன செய்வது? அதை அப்படியே விட்டுவிட்டுக் குட்டைக் கயிறு கட்டினால் வண்டி எப்போதும் கயிற்றில் தொங்கிக்கொண்டல்லவா நிற்கும்?

கோத்தகிரி_பழையகை | பதிவு 14

மிகச் சரியான கேள்வி. நின்ற நிலையில் ஷாக் ஏறக்குறைய தன் ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். பட்டையின் வளைவைக் குறைத்து, முன்னால் இருவர் அமர்ந்த நிலையில் சக்கரம் நேராகவோ ஒரு பாகை உள்ளே சாய்ந்தோ நிற்கும்படி செய்ய வேண்டும். டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக் கட்டுக்கும் இடையே ஒரு தகட்டுக் கட்டை வைத்து, நீளமான ஸ்டட்டுகள் (தலையில்லாத திருகுகள்) போட்டு வாலைத் தாழ்த்தும் முறையும் உண்டு. ஆனால் உங்களுக்கு வளைவேற்றியதே கோளாறு என்பதால், ஏற்றியதை இறக்குவதுதான் முறை. கட்டைப் பிரிக்கும்போது துருவைத் தேய்த்து எடுத்து, பட்டை நுனிகளில் கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். உராய்வு குறையும், ஷாக்குக்கும் தன் வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைக்கும்.

உதகை_திறந்தவெளி | பதிவு 15

56 கிலோக் கணக்கை என் ஷாக்கில் எடைத் தராசு வைத்துச் சோதித்துப் பார்த்தேன். என் ஷாக்கின் தண்டு இன்னும் தடிமன். ஒன்றே 30 கிலோவைத் தாண்டுகிறது. ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஹெரால்டுக்குக் கேஸ் வேண்டாம்.

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 16

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பார்சல் சுங்கத்தில் தங்கிவிட்டது. தீர்வையும் அஞ்சலும் சேர்ந்து நான் வைத்திருந்த முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்பதையும், அதற்கு வீட்டில் இன்னும் கணக்குச் சொல்லவில்லை என்பதையும் முதலில் பதிவு செய்கிறேன்.

வாங்கியது ஹெரால்டுக்கு என்றே செய்த எண்ணெய் ஷாக். நீளும் தடையை மட்டும் மாற்றலாம். பெட்டியைத் திறந்ததும் பழைய ஷாக்கோடு வைத்துப் பார்த்தேன். நீண்ட அளவு 3 மி.மீ. குறைவு, மூடிய அளவு ஏறக்குறைய அதேதான். கோவை நண்பர் தொலைபேசியில் சொன்னபடி, நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை முழுதாக இழுத்து அமுக்கினேன். பார்சலில் படுத்துக் கிடந்ததால் உள்குழாயில் சேர்ந்திருந்த காற்று வெளியேறும் வரை, ஓட்டத்தின் நடுவே ஓர் இடத்தில் வெறுமையாக வழுக்கிக்கொண்டு போனது. அதன்பின் தேனில் கரண்டி போட்டதுபோல் ஒரே சீராக வந்தது. தடையை மிக மென்மையான இடத்தில் இருந்து அரைச் சுற்று இறுக்கி வைத்திருக்கிறேன்.

மேல் தாங்கியைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னீர்கள், ஐயா. வலப்பக்கத் தாங்கியில் போல்ட்டு ஓட்டைக்கு மேலே சுண்டுவிரல் நகம் அளவு வெடிப்பு. வண்ணத்தின் அடியில் மயிரிழை போல்தான் தெரிந்தது. தூரிகை பட்டதும் துருப்பொடி உதிர்ந்து வாயைத் திறந்துவிட்டது. வெடிப்பின் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்தி, வெல்டு செய்து, உட்புறம் ஒரு தகடு சேர்த்திருக்கிறோம். பிரேக் ஹோஸ் இரண்டும் புதிது. பட்டையை வேறொரு ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவை இறக்கினேன். ஒரே தடவையில் இறக்க அவர்கள் சம்மதிக்கவில்லை, இரண்டு முறை பூட்டி அளந்து கழற்ற வேண்டி வந்தது. ஷாக்கின் புஷ் நட்டுகளைச் சக்கரம் தரையில் ஊன்றி, இருவர் அமர்ந்தபின்பே இறுக்கினோம்; தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும் என்று ஸ்பிரிங் பட்டறைப் பெரியவரே சொன்னார்.

இன்றைய அளவு, முன்னால் இருவர் அமர்ந்த நிலையில்: இடப்பக்கத் தலை 5 மி.மீ. உள்ளே, வலப்பக்கம் 6 மி.மீ. உள்ளே.

இன்று காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருந்தபோது, ஹூட்டை மடக்கிவிட்டுப் பர்லியாறு வரை இறங்கினேன். ஏறும் கியரிலேயே இறங்கி, அதே வளைவில், வேண்டுமென்றே அல்ல, ஒரு குரங்குக் கூட்டத்துக்காகக் காலை எடுக்க நேர்ந்தது. வால் கொஞ்சம் எழும்பியது, அங்கேயே நின்றுவிட்டது. சக்கரம் மடங்கவில்லை. பாதி வளைவில் இருந்த ஒட்டுத் தார்த் திட்டில் வண்டி ஒருமுறை குலுங்கியது, 'டொக்' இல்லை.

குழிகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், வெலிங்டன் பக்கம், வால் சற்று அமிழ்வதுபோல் ஒரு சந்தேகம். அரைச் சுற்றில் இருந்து கால் சுற்றுக்குக் குறைக்கலாமா?

கோத்தகிரி_பழையகை | பதிவு 17

உடனே தொடாதீர்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். புதுச் சீலும் புஷ்ஷும் அமரட்டும். அதற்குள் மேல் போல்ட்டையும் கீழ் நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அதன்பின்னும் அமிழ்ந்தால் கால் சுற்றுக் குறையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவாக. ஸ்டெப்னிக்குக் கட்டிய சாக்கை எடுத்துவிட்டீர்களா?

குன்னூர்_ஹெரால்டு | பதிவு 18

எடுத்துவிட்டேன், ஐயா. ஒன்றில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.